எந்த மண்டபத்துக்குள் போவது?

(இலங்கையின் பெரகலயில், இணையத் தொழிலிலும் சுற்றுலாத் தொழிலிலும் இருக்கும் இளைஞர்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தேடல் சந்தைப்படுத்தல் மாநாடு ஒன்றின் நிகழ்ச்சி நிரலை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். காலை 10 மணிக்கு மூன்று மண்டபங்களில் மூன்று பேர் பேசுவார்கள். 11 மணிக்கு வேறு மூன்று பேர். பின்னேரம் வரை இதே கதைதான். ஓர் ஆள் ஒரு நேரத்தில் ஒரு கதிரையில்தான் உட்காரலாம். ஆக, மூன்றில் இரண்டு பங்கை எப்படியும் விடத்தான் போகிறோம். எதை விடுவது என்று முதலே முடிவு செய்துகொண்டு போகிறவர்கள் கொஞ்சப் பேர். மற்றவர்கள் கூட்டம் போகும் வாசலுக்குள் தாங்களும் போகிறார்கள்.

"பெரகல சந்தியில் நின்றுகொண்டு இதைப் பேச என்ன அவசியம்?" என்று பின்வரிசையில் ஓர் ஐயா முணுமுணுப்பது கேட்கிறது. நியாயமான கேள்வி. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக ஏறி வரும் ஏ4 வீதி இந்தச் சந்தியைத் தொட்டுத்தான் கொஸ்லந்தை, வெல்லவாய என்று இறங்கி மட்டக்களப்பு வரை போகிறது. ஹப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் போகும் ஏ16 இங்கேதான் பிரிகிறது. 2018இல் இந்த நாட்டுக்கு 23 இலட்சத்துக்கும் அதிகமான சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு, கொரோனா, பொருளாதார நெருக்கடி எல்லாவற்றிலும் விழுந்து எழும்பி, 2024இல் அந்தக் கணக்கு மறுபடி 20 இலட்சத்தைத் தாண்டியது. அவர்களில் எல்லவுக்கும் அறுகம்பைக்கும் போகிறவர்கள் பலர் இந்தச் சந்தியைக் கடந்துதான் போகிறார்கள், கையில் தொலைபேசியோடு. அதில் எதையோ தட்டித் தேடுகிறார்கள். அவர்கள் தேடும்போது உங்கள் இரண்டு அறை வீடோ, உங்கள் ஓட்டோவோ, உங்கள் தேநீர்க்கடையோ கண்ணில் படுகிறதா என்பதுதான் தேடல் சந்தைப்படுத்தல். காசு கொடுத்து விளம்பரமாக வருவது ஒரு பக்கம். காசு கொடுக்காமல் தகுதியால் மேலே வருவது மறுபக்கம். எஸ்இஓ என்று சொல்வது அந்த இரண்டாவது பக்கத்தை. கொழும்புக் கம்பனிகளுக்காக வீட்டிலிருந்தே இந்த வேலை செய்கிற பிள்ளைகளும் இன்றைக்கு இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு இது நேரடிப் பிழைப்பு.

மாநாட்டுக்குப் போவது முன்பு எங்களுக்கு எட்டாத காரியமாகத்தான் இருந்தது. 1999இல் பத்திரிகையாளர் டேனி சலிவன் 'சேர்ச் எஞ்சின் ஸ்ட்ராடஜீஸ்' என்ற மாநாட்டை அமெரிக்காவில் தொடங்கினார். 2007இல் அவரே எஸ்எம்எக்ஸ் மாநாட்டையும் தொடங்கி வைத்தார். பத்து வருடம் கழித்து அவர் கூகுளிலேயே வேலைக்குச் சேர்ந்தது வேறு கதை. இங்கிலாந்தில் 2010இல் ஒரு மதுச்சாலையின் மாடி அறையில் சிலர் கூடியதிலிருந்து பிரைட்டன்எஸ்இஓ வளர்ந்து, இப்போது ஆயிரக்கணக்கானோர் கூடும் இடமாகிவிட்டது. 2020இல் கொரோனா வந்ததும் எஸ்எம்எக்ஸ் அட்வான்ஸ்ட் இணையத்துக்கு மாறியது. 2025 ஜூனில்தான் பொஸ்டனில் மறுபடி ஆட்கள் நேரில் கூடினார்கள். இடைப்பட்ட வருடங்கள் எங்களுக்கு ஒரு நல்ல பழக்கத்தைத் தந்தன. பொஸ்டனில் கோடைகாலக் காலை 9 மணி என்றால் இங்கே மாலை 6.30. வேலை முடிந்து, முகம் கழுவி, தேத்தண்ணியோடு உட்காரும் நேரம். அதனால் இன்றைக்குப் பிரச்சினை போக முடியுமா என்பதைவிட, போனால் எதைக் கேட்பது என்பதுதான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தேடல் துறையில் இருப்பவர்களின் தொழிலே, பார்க்கிறவர் கை தானாகப் போய்த் தட்டும்படி தலைப்பு எழுதுவது. அந்தத் துறை மாநாடுகளின் நிகழ்ச்சி நிரலை எழுதுகிறவர்களும் அவர்களேதான். பேச விரும்புகிறவர் தலைப்பையும் சுருக்கத்தையும் அனுப்புகிறார், தெரிவுக் குழு பார்த்து எடுக்கிறது. ஆகவே அந்த நிரலே ஒரு தேடல் முடிவுப் பக்கம்தான். "கூகுள் உங்களிடமிருந்து மறைக்கும் ஏழு இரகசியங்கள்" என்று ஒன்று இருக்கும். பக்கத்து மண்டபத்தில், அதே நேரத்தில், "சிறு தங்குமிடங்களின் வணிகப் பக்கத்தில் படங்களை மாற்றியபோது என்ன நடந்தது" என்று சப்பென்று ஒன்று இருக்கும். முதலாவது மண்டபம் நிரம்பி வழியும். தலைப்பு சப்பையாக இருந்தால் உள்ளே சரக்கு இருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் இரண்டாவது ஆள் எதையோ செய்து பார்த்திருக்கிறார், என்ன நடந்தது என்று சொல்லப்போகிறார் என்பது தலைப்பிலேயே தெரிகிறது. முதலாவது ஆள் என்ன செய்தார் என்று எங்கேயும் தெரியவில்லை.

தலைப்பை விட்டுவிட்டுச் சுருக்கத்தைப் படியுங்கள். அதில் ஓர் இணையத்தளம், ஒரு தொழில், ஒரு காலம் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அனுசரணையாளர் அமர்வு என்று ஓரத்தில் சின்ன எழுத்தில் போட்டிருந்தால், அது மென்பொருள் விற்கும் நேரம். அந்த மென்பொருள் உங்களுக்குத் தேவையென்றால் தாராளமாகப் போங்கள், பாவமில்லை. பேச்சாளரின் பெயரைத் தேடி, அவர் போன வருடம் வேறெங்கே பேசினார் என்று பாருங்கள். அதே உரை காணொளியாகக் கிடைத்தால் அதை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். அந்த நேரத்துக்கு வேறு மண்டபம் போகலாம்.

இதெல்லாம் வடிகட்டுகிற வேலை. தெரிவு செய்கிற வேலை இதற்கு முன்பே வீட்டில் தொடங்கவேண்டும். அதை விளக்க எங்கள் பக்கத்து மலையிலேயே ஓர் ஆள் இருக்கிறார்.

கிளாஸ்கோ நகரத்துக் கடைக்காரர் தோமஸ் லிப்டன். 1890இல் இலங்கைக்கு வந்து தம்பேதென்ன தோட்டத்தை வாங்கினார். ஆளுக்கு விளம்பரம் இரத்தத்தில் ஊறியது. 1881 நத்தாருக்கு அமெரிக்காவிலிருந்து இராட்சத சீஸ் கட்டி ஒன்றை இறக்கி, அதற்குள் தங்கக் காசுகளைச் செருகி வெட்டி விற்ற மனிதர். ஆனால் அந்த வேடிக்கைகளைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. பிரித்தானியாவில் ஊருக்கு ஊர் தண்ணீர் வேறு. ஓரிடத்தில் சுண்ணாம்பு கூடின கடினநீர், இன்னோரிடத்தில் மென்னீர். ஒரே தூளை இரண்டிலும் போட்டால் சாயமும் வேறு, ருசியும் வேறு. லிப்டன் அந்தந்த ஊர்த் தண்ணீருக்கு ஏற்றபடி தூளைக் கலந்து, உங்கள் ஊர்த் தண்ணீருக்கென்றே தயாரித்த தேயிலை இது என்று சொல்லி விற்றார். வாங்குகிறவன் கேத்தலில் என்ன இருக்கிறது என்று அறிந்துவிட்டுத்தான் தூளைத் தொட்டிருக்கிறார். இன்றைக்கு ஊருக்கு ஊர் வேறுபடும் தேடலைப் பற்றி எந்த மேடையில் பேசினாலும் சாரம் இதுதான். (அந்தத் தூளுக்குக் கொழுந்து பறித்தவர்களில் ஒருவர் பெயரையும் நாம் இன்று தேடி எடுக்க முடியாது. லிப்டன் உட்கார்ந்து பார்த்த இடம் மட்டும் 'லிப்டன் சீட்' என்று உலகம் முழுக்கத் தேடப்படுகிறது. அந்தப் பெயரை வைத்துத்தான் எங்கள் பிள்ளைகள் ஓட்டோ ஓட்டுகிறார்கள். இதையும் சொல்லத்தான் வேண்டும்.)

ஆகவே மாநாட்டுக்கு முன், உங்கள் ஊர்த் தண்ணீரைச் சோதியுங்கள். உங்களுக்கு ஓர் இணையத்தளம் இருந்தால் கூகுள் சேர்ச் கொன்சோல் இலவசம். அதில் பெர்ஃபோமன்ஸ் பக்கத்தைத் திறந்தால், என்ன சொற்களைத் தேடியபோது உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை தடவை காட்டப்பட்டது, எத்தனை தடவை தட்டப்பட்டது என்று வரிசையாக வரும். 16 மாதத் தரவு இருக்கும். அதனால் இந்த வருட ஓகஸ்ட்டைப் போன வருட ஓகஸ்ட்டோடு ஒப்பிடலாம். அறுகம்பைக்கு அலைச்சறுக்கு ஆட்கள் போகும் காலமும், ஊவாவில் காற்று வீசி நல்ல தேயிலை வரும் காலமும் அதுதான். எங்களுக்கு இந்த ஒப்பீடு முக்கியம்.

அந்த வரிசையை ஒரு கொப்பியில் எழுதுங்கள். எழுதும்போது மூன்று வகை நோய் தெரியவரும். பல தடவை காட்டப்படுகிறது, ஆனால் யாரும் தட்டவில்லை என்றால், கோளாறு தலைப்பிலும் அதன் கீழே வரும் இரண்டு வரியிலும் இருக்கலாம். அதைப் பற்றி ஓர் அமர்வு இருந்தால் அது உங்களுக்கு. காட்டப்படவே இல்லை, ஆனால் உங்களிடம் வருகிறவர்கள் எல்லோரும் வாயால் கேட்கிற கேள்வி அது என்றால், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பக்கம் உங்கள் தளத்தில் இல்லை. லிப்டன் சீட்டுக்கு எத்தனை மணிக்குக் கிளம்பினால் விடியலைப் பார்க்கலாம், ஓட்டோவுக்கு எவ்வளவு, தம்பேதென்ன தொழிற்சாலை ஞாயிறு திறக்குமா, தியலும நீர்வீழ்ச்சியின் மேலே ஏற எந்தப் பக்கத்துப் பாதை. உள்ளடக்கம் எழுதுவது பற்றிய அமர்வு அதற்கு. மூன்றாவது வகை, நன்றாகத் தட்டுகிறார்கள், யாரும் அறை எடுக்கவில்லை. இது தேடல் நோயே இல்லை. விலையோ, படமோ, குளியலறையோ, தொலைபேசியை யாரும் எடுக்காததோ காரணம். இதற்காக மாநாட்டுக்குப் போகிற காசில் குளியலறைக்குப் பெயின்ட் அடிக்கலாம்.

இணையத்தளமே இல்லாமல் கூகுள் வரைபடத்தில் வணிகப் பக்கம் மட்டும் வைத்திருப்பவர்கள் இங்கே அதிகம் என்று நினைக்கிறேன். பக்கத்தில் உள்ள இடங்களை வரிசைப்படுத்த மூன்றைப் பார்ப்பதாகக் கூகுளே சொல்கிறது: பொருத்தம், தூரம், பிரபலம். தூரத்தில் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. எல்லவில் நின்று அறை தேடுகிறவனுக்கு பெரகல வீடு முன்னால் வராது, வரவும் தேவையில்லை. மூடுபனியில் வண்டியை ஓரங்கட்டி, பக்கத்தில் தேத்தண்ணி எங்கே, கழிப்பறை எங்கே என்று தட்டுகிறவன்தான் உங்கள் ஆள். அவனுக்குப் பொருத்தமும் பிரபலமும்தான் மிச்சம். திறக்கும் நேரத்தைச் சரியாகப் போடுவது, வகையைச் சரியாகத் தெரிவுசெய்வது, விமர்சனம் கேட்டு வாங்குவது. உள்ளூர்த் தேடல் என்று நிரலில் வரும் அமர்வுகளில் இந்த இரண்டைப் பற்றிப் பேசுவதற்குப் போங்கள். "நாடு முழுவதும் நூறு கிளைகள் உள்ள நிறுவனங்களுக்கு" என்று சுருக்கத்தில் இருந்தால் அடுத்த வரிக்குப் போங்கள்.

போகக்கூடாத அமர்வு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நற்பெயர் மேலாண்மை என்று ஒன்று பல மாநாடுகளிலும் வரும். ஒரு பெயரைத் தேடும்போது மேலே வரும் கெட்ட செய்தியைக் கீழே தள்ளும் வித்தை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தைப் பக்கத்து மீரியபெத்தவில் மலை சரிந்தது. அதற்குப் பிறகு கொஸ்லந்தை என்று யார் தேடினாலும் அந்தச் செய்தியும் வரத்தான் செய்யும், வரத்தான் வேண்டும். எங்கள் சனம் புதைந்த இடம். அதைக் கீழே தள்ளி அதற்கு மேலே நீர்வீழ்ச்சிப் படத்தை ஏற்ற யாரும் கற்றுக்கொள்ள வேண்டாம். மழைக்காலத்தில் வீதி திறந்திருக்கிறதா என்று நேர்மையாக ஒரு பக்கம் எழுதுங்கள். வருகிறவனுக்கும் அதுதான் வேண்டும்.

இனி ஒரு நிஜ நிரலைப் பார்ப்போம். எங்களுக்கு ஓரளவு கிட்டத்தில் நடந்தது, 2025 ஜூலை 23 முதல் 25 வரை பாங்கொக்கில் கூகுள் நடத்திய சேர்ச் சென்ட்ரல் லைவ். மூன்று நாளையும் மூன்றாகப் பிரித்திருந்தார்கள். முதல் நாள், கூகுளின் இயந்திரம் எப்படித் தளங்களுக்குள் ஊர்ந்து பக்கங்களை எடுக்கிறது. இரண்டாம் நாள், எடுத்ததை எப்படி அட்டவணைப்படுத்துகிறது. மூன்றாம் நாள், தேடுகிறவருக்கு எப்படிப் பரிமாறுகிறது. உங்களுக்கு ஒரு நாள் மட்டும்தான் என்றால் எந்த நாள்?

முதல் நாளைத்தான் ஆட்கள் கனமானது என்று நினைப்பார்கள். ஆனால் ஊர்வதற்கான நேர ஒதுக்கீட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவர்கள் யார் என்று கூகுளின் வழிகாட்டியிலேயே இருக்கிறது. பத்து இலட்சத்துக்கு மேல் பக்கங்கள் உள்ள தளங்கள், அல்லது பத்தாயிரம் பக்கங்கள் இருந்து தினமும் மாறிக்கொண்டிருக்கும் தளங்கள். எங்கள் ஹோம்ஸ்டே தளத்தில் பன்னிரண்டு பக்கம். அதில் இரண்டு படத் தொகுப்பு. கொழும்பில் ஒரு செய்தித்தளத்துக்கு வேலை செய்யும் தங்கச்சிக்கு முதல் நாள் பொன் மாதிரி. அறை வைத்திருக்கும் அண்ணனுக்கு மூன்றாம் நாள். ஒரே வீட்டு ஆட்களுக்குக்கூட ஒரே நிரல் பொருந்தாது.

இரண்டாம் நாள் யாருக்கு? தமிழில் எழுதுகிறவர்களுக்கு என்று நான் சொல்வேன். தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஓர் அம்மாவுக்காக மகன் தொலைபேசியில் தேடுகிறான். இங்கே ஊழியர் சேமலாப நிதி. இந்தியாவில் அதே மாதிரி ஒன்றுக்கு வருங்கால வைப்பு நிதி. இரண்டும் தமிழ், இரண்டு நாட்டுச் சட்டம். அவன் ஆங்கில எழுத்துச் சுருக்கத்தைப் போட்டுத் தமிழில் கேட்டால் பாதிப் பக்கங்கள் சென்னையிலிருந்து வரும், படிவம் பொருந்தாது. ஒரு பக்கம் எந்த மொழிக்கு, எந்த நாட்டுக்கு என்று அறிவிக்கும் ஹெச்ரெஃப்லாங் குறியீட்டைக் கூகுள் 2011இலேயே கொண்டுவந்துவிட்டது. இலங்கைத் தமிழ் என்றும் இந்தியத் தமிழ் என்றும் பிரித்துப் போடலாம். இரண்டு நாட்டுக்கும் தனித்தனிப் பக்கம் வைத்திருக்கும் நிறுவனம் அதை முறையாகப் போட்டால் எங்கள் ஆட்களுக்குச் சரியான பக்கம் கிடைக்க வழியுண்டு. பன்மொழித் தளங்கள் என்று தலைப்பிட்ட அமர்வில் பிரெஞ்சு, ஸ்பானிய உதாரணம்தான் வரும். வரட்டும். கேள்வி நேரத்தில் எங்கள் உதாரணத்தைப் போடுங்கள்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். 2022 நவம்பரில் சட்ஜிபிடி வந்தது. 2024 மே மாதம் கூகுள் அமெரிக்காவில் தேடல் முடிவுகளுக்கு மேலேயே ஏஐ சுருக்கத்தைக் காட்டத் தொடங்கியது. அதற்குப் பிறகு எந்த நிரலை எடுத்தாலும் அதைப் பற்றிய அமர்வுகள்தான் கண்ணில் அடிக்கின்றன. 2011இல் பாண்டா, 2012இல் பெங்குவின் என்று கூகுள் மாற்றங்கள் வந்தபோதும் மண்டபங்கள் இப்படித்தான் நிரம்பின. பெங்குவினிலிருந்து தப்புவது எப்படி என்று முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவர்களில் கனபேர், காசு கொடுத்து இணைப்பு வாங்கிப் போட்டவர்கள். மற்றவர்களுக்கு அந்த உரை பெரிதாகத் தேவைப்படவில்லை. ஏஐ அமர்வு ஒன்றுக்குப் போங்கள், ஒன்று போதும். தன் தளத்தில் வந்த மாற்றத்தை எண்களோடு காட்டுகிறவராகப் பார்த்து அந்த ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். எதிர்காலம் பற்றிப் பேசுகிறவரை அடுத்த வருடமும் கேட்கலாம், அப்போதும் எதிர்காலத்தைப் பற்றித்தான் பேசுவார்.

அங்கே போன பிறகு நடந்துகொள்ள வேண்டிய விதம் பற்றிக் கொஞ்சம். உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் இது எனக்கில்லை என்று தெரிந்தால் எழும்பி வாருங்கள். எங்கள் ஆட்களுக்கு இது கஷ்டம். குறித்த கிலோ பறிக்காவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டுவிடுவார்கள் என்று தலைமுறையாகப் பயந்த உடம்பு. மாநாட்டில் யாரும் பேர் போடுவதில்லை. பின்வரிசையில், நடைபாதைப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தால் எழும்புவது இலேசு.

இரண்டு பேராகப் போனால் ஒரே மண்டபத்தில் ஒட்டிக்கொண்டு உட்காராதீர்கள். பிரிந்து போய், சாப்பாட்டு நேரத்தில் ஒருவருக்கொருவர் சொல்லுங்கள். இன்னொருவருக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்கும்போது காது கூர்மையாகும். நாளுக்கு ஒரு நேரத்தையாவது வெறுமையாக விடுங்கள். காலையில் கேட்ட ஒரு பேச்சாளரைத் தேநீர் மேசையில் பிடித்து, உங்கள் கொப்பியைத் திறந்து காட்ட அந்த நேரம் வேண்டும். உரையின் காணொளியும் படங்களும் பிறகு கிடைக்கும் என்றால், அதைவிட்டு, தளங்களை நேரடியாகப் பார்த்துக் குறை சொல்லும் அமர்வுக்குப் போங்கள். மேடையில் ஒரு நிபுணர் முன்பின் தெரியாத ஒரு தளத்தைத் திறந்து எங்கே முதலில் பார்க்கிறார், எதை விட்டுவிடுகிறார் என்பது எந்த உரையிலும் எழுதப்பட்டிருக்காது.

ஆங்கிலத்தைப் பற்றிக் கூச்சம் வேண்டாம். பாங்கொக் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்களிலும் கனபேருக்கு ஆங்கிலம் இரண்டாவது மொழிதான். கேள்வியை முதல் நாள் இரவே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மைக் வந்ததும் வாசியுங்கள், வாசிப்பது குற்றமில்லை.

கடன் வாங்கிக்கொண்டு போக வேண்டாம். நேரில் நடக்கும் பெரிய மாநாடுகளின் டிக்கெட் நூற்றுக்கணக்கான டொலர், அதற்குமேல் விமானம், தங்குமிடம். கூகுள் நடத்தும் கூட்டங்களுக்கு விண்ணப்பித்து இடம் கிடைத்தால் நுழைவுக்குக் காசில்லை. பிரைட்டனில் ஒரு பகுதி டிக்கெட்டைக் குலுக்கல் முறையில் இலவசமாகக் கொடுத்து வந்திருக்கிறார்கள். எங்களுக்கு முதலில் இணையவழி அமர்வுகள் போதும். தமிழ் இணைய மாநாட்டையும் மறந்துவிடாதீர்கள். 1997இல் சிங்கப்பூரில் தொடங்கியது. 2000ஆம் ஆண்டு மாநாடு கொழும்பில் நடப்பதாக இருந்தது. நாட்டு நிலைமையில் அதுவும் சிங்கப்பூருக்கே போய்விட்டது. அந்த மாநாடுகளில் எழுத்துரு, குறியீடு, மொழித் தொழில்நுட்பம் என்று பேசுகிறார்கள். தேடலைத் தொழிலாகச் செய்கிறவர்களும் அங்கே போய் ஓர் அமர்வு கேட்கலாம்.

என் பக்கம் முடிந்தது. கொப்பியும் பேனையும் கொண்டுவந்தவர்கள், உங்கள் தளத்திலோ வணிகப் பக்கத்திலோ வந்த சொற்களை எடுத்து வையுங்கள். அடுத்த மாதம் இணையத்தில் வரும் நிரல் ஒன்றை இந்தத் திரையில் போடுகிறேன், ஆளாளுக்கு எது பொருந்தும் என்று சேர்ந்தே பார்ப்போம். வெல்லவாய பக்கம் போகிறவர்களுக்குப் பஸ் குறைவு, அவர்கள் முதலில் கேளுங்கள்.